ஆதரவு முடிந்த தரவுத்தளம்

மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகள், பள்ளியின் மதிப்பெண்கள், கடையின் வரவுசெலவு ஆகியவற்றை ஒழுங்குபடுத்திச் சேமித்து, கேட்டவுடன் தேடி எடுத்துத் தரும் மென்பொருளே தரவுத்தளம் எனப்படுகிறது. அவ்வகையில் மிகப் பரவலாகப் புழங்கும் மைஎஸ்க்யூஎல்லின் 5.7 பதிப்பு 2015 அக்டோபரில் வெளிவந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 அக்டோபரில், அதற்கான ஆதரவை, அதை வெளியிட்ட ஆரக்கிள் நிறுவனம் முடித்துக்கொண்டது.

ஆதரவு முடிந்த மறுநாளும் அந்த மென்பொருள் முன்போலவே ஓடும் என்பதால்தான் பலரும் அதை மாற்றாமல் விட்டுவிடுகின்றனர். ஆனால் பாதுகாப்பு ஓட்டை ஒன்று புதிதாகக் கண்டறியப்பட்டால், அதை அடைக்கும் திருத்தம் பழைய பதிப்புக்கு வராது. புதிய பதிப்புக்கு வெளியாகும் திருத்தமோ, ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைத் திருடனுக்கும் சேர்த்தே காட்டிக்கொடுத்துவிடும். 2003 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரைத் தாக்கிய ஸ்லாமர் என்னும் புழுநிரல் வெறும் 376 பைட்டு அளவே கொண்டது. எனினும் தற்காப்பில்லாத கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பத்தே நிமிடங்களில் அது பற்றிக்கொண்டது. அந்த ஓட்டைக்கான திருத்தம் ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், திருத்தமே வராத பதிப்பை நம்பியிருப்போரின் நிலை எத்தகையது என்பது விளங்கும்.

பதிப்பை உயர்த்துவதும் எளிய வேலையன்று. 5.7-க்கு அடுத்த 8.0 பதிப்பில் தரவரிசை கணக்கிடும் வசதி சேர்க்கப்பட்டபோது ‘ரேங்க்’ என்பது மென்பொருளுக்கே உரிய ஒதுக்கப்பட்ட சொல்லாகிவிட்டதால், மதிப்பெண் அட்டவணையில் அதே பெயரில் ஒரு பத்தி வைத்திருந்த பள்ளியின் நிரல் பிழை காட்டி நின்றுவிடக்கூடும். பிழை காட்டி நிற்பதாவது கண்ணில் படும். தொகுத்துக் கேட்ட விவரங்களைப் பழைய பதிப்பு தானாகவே வரிசைப்படுத்தியும் தந்துவந்தது. புதிய பதிப்பு அவ்வாறு செய்யாததால், அந்த வரிசையை நம்பி எழுதப்பட்ட அறிக்கைகள் எந்த எச்சரிக்கையும் இன்றிக் குலைந்துபோகும்.

தமிழுக்கு நேரடியாகப் பயன்தரும் மாற்றமும் ஒன்று உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் ‘யூடிஎஃப்8’ என வழங்கிய பழைய எழுத்துமுறை ஒரு குறிக்கு மூன்று பைட்டுகளுக்கு மேல் இடம் தராதது. நாள்தோறும் எழுதும் தமிழ் எழுத்துகள் அதற்குள் அடங்கிவிடுவதால் குறை வெளியே தெரியவில்லை. ஆனால் முந்திரி முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் சேர்ந்தபோது நான்கு பைட்டு இடத்தைப் பெற்றன. ஆகவே சுவடிக் கணக்கு ஒன்றைப் பழைய முறையில் உள்ளபடி பதிய முடியாது. நான்கு பைட்டு முறையை 8.0 பதிப்பு இயல்பான அமைப்பாக்கியது. ஆயினும் முன்பே உள்ள அட்டவணைகள் தாமாக மாறுவதில்லை, அவற்றைத் தனியே மாற்றியாக வேண்டும்.

8.0-க்கு மாறிய தரவுத்தளத்தை மீண்டும் 5.7-க்கு இறக்க வழியில்லை என்பதால், முழுக் காப்பு நகல் எடுப்பதோடு அமையாமல், அதை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து, அங்கேயே பதிப்பை உயர்த்தி, அன்றாட வினவல்கள் அனைத்தையும் ஓட்டிச் சரிபார்ப்பதே முறையாகும். 8.0-க்கான ஆதரவுக் காலமும் 2026 ஏப்ரல் வரையே வகுக்கப்பட்டிருப்பதால், அதைப் படியாகக் கொண்டு, 2024-இல் வெளிவந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பான 8.4 வரை செல்வது நல்லது; 5.7-இலிருந்து 8.4-க்கு நேரே தாவ இயலாது.