கதையில் வரும் கங்காணி



தோட்டத்தைப் பற்றி நம்மவர் எழுதும் கதைகளில் ஒரு கங்காணி வருவார். மீசை வைத்திருப்பார்; கையில் பிரம்பு இருக்கும்; வாயைத் திறந்தால் வசவுதான். எதிரே பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர் நிற்பார். அவருக்குக் கண்ணீர் விடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. இவ்விருவரையும் நாம் எத்தனை கதைகளில் பார்த்துவிட்டோம்! பெயரை மட்டும் மாற்றி, ஒரு கதையின் ஆளை இன்னொரு கதையில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். ஆனால் லயத்தில் வளர்ந்த நமக்குத் தெரிந்த கங்காணிகள் ஒருவரைப்போல் ஒருவர் இருந்ததில்லை.

ஓர் ஆளை வாசகர் நம்ப வேண்டுமானால் அவருக்கு ஒரு தேவை இருக்க வேண்டும். அந்தத் தேவைக்குக் குறுக்கே ஒன்று நிற்க வேண்டும். ஒரு கதையைக் கற்பனை செய்து பார்ப்போம். வானம் இருண்டிருக்கிறது. ஆனாலும் பெரட்டில் கங்காணி வெட்டச் சொல்லிவிட்டார். பால் எடுக்கும் நேரத்துக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. மங்கில் இருந்த பாலில் பாதி வழிந்து ஓடிவிட்டது. முனியம்மா என்ற பெண் அல்லூர் ஓரம் வாளியை வைத்துவிட்டு நிற்கிறாள். கொஞ்சம் தண்ணீர் கலந்தால் எடை கூடும். ஸ்டோரில் கிராணி எடையோடு விடமாட்டார், மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு ரப்பர் எவ்வளவு என்றும் பார்ப்பார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நிற்கிறாள். மகனுடைய பள்ளிச் செலவு அவளை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது.

இங்கே "முனியம்மா நேர்மையானவள்" என்று நாம் எழுதிவிட்டால் கதை அதோடு செத்தது. அவள் தண்ணீர் கலக்காமலே போகட்டும். ஆனால் அன்று மாலை, ஒன்றுமில்லாத காரணத்துக்கு அந்த மகனையே அடிக்கட்டும். அப்போது அவள் நமக்குத் தெரிந்தவளாகிவிடுகிறாள்.

கங்காணியையும் விடக்கூடாது. அவள் நிற்பதை அவர் பார்த்துவிடுகிறார். பார்த்தும் திரும்பிக்கொண்டு வெற்றிலையை மடிக்கிறார். இரக்கமா? அல்லது, மழை நாளில் வெட்டச் சொன்னது யார் என்று துரை கேட்டுவிடுவாரே என்ற பயமா? இரண்டும் கலந்திருக்கலாம். எழுதுகிறவர் இதை விளக்காமல் வெற்றிலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஏழைகளை எழுதும்போது அழுகையையே நம்பி இருப்பது நம்மிடம் உள்ள பெருங்குறை. கு. அழகிரிசாமி 1952இல் கோலாலம்பூருக்கு வந்து தமிழ் நேசனில் பணியாற்றியவர். அவருடைய 'ராஜா வந்திருக்கிறான்' கதையைப் படித்துப் பாருங்கள். ஏழைப் பிள்ளைகளும் வசதியான வீட்டுப் பிள்ளையும் யாரிடம் என்ன இருக்கிறது என்று போட்டி போடுவதில் கதை தொடங்குகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு வறுமையைவிட வீம்பு பெரிது. அதனால்தான் அவர்கள் மனத்தில் நிற்கிறார்கள்.

எழுத்து பழகப் பழக வருவது. அவர் வருவதற்கு முன்பே, 1950இல், சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதே ஏட்டில் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். எழுதுவதைக் கற்றுக்கொள்ள முடியும் என்று நம்பியவர்கள் அவர்கள்.

பேச்சைக் கவனிப்பது நல்ல பயிற்சி. பாட்டி "கித்தா மரம்" என்பார். பேரன் "ரப்பர் மரம்" என்பான். கிராணியை நேரில் "ஐயா" என்பவர் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார்? நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரை அப்படியே கதையில் இறக்கிவிடாதீர்கள். பிறகு குழாயடிக்குப் போக முடியாது! ஒருவருடைய நடையையும் இன்னொருவருடைய கோபத்தையும் சேர்த்து மூன்றாவது ஆளைச் செய்யுங்கள்.

பல தோட்டங்கள் இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்களில் இருந்தவர்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில் சிதறிக் கிடக்கிறார்கள். அங்கே பிறக்கும் பிள்ளைகள் முனியம்மாவைக் கதையில்தான் பார்க்கப் போகிறார்கள். பிரம்பும் கண்ணீரும் மட்டும் இருந்தால், தங்கள் பாட்டி அதுதான் என்று அவர்கள் எண்ணிக்கொள்வார்கள்.

ஆகவே இந்த வாரம் ஒன்று செய்து பாருங்கள். மழை பெய்த அந்த நாளைக் கங்காணியின் மனைவி சொல்வதுபோல் இரண்டு பக்கம் எழுதுங்கள். எழுதியதை வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். "அவ அப்படிப் பேசமாட்டாளே" என்று அவர் எங்கே குறுக்கிடுகிறாரோ, அந்த வரியின் கீழ் ஒரு கோடு போட்டு வையுங்கள். மறுநாள் அங்கிருந்து எழுதத் தொடங்கலாம்.