பாவ்கியும் ஈர்க்குச்சியும்

விளக்கு வைத்ததும் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து 'சுபம் கரோதி' பிரார்த்தனையைச் சொல்லி முடிப்பார்கள். அதோடு எழுந்துவிட முடியாது. அடுத்தது பாடே, அதாவது வாய்ப்பாடு. புணேயில் வாடா எனப்படும் பழைய முற்றத்து வீடுகளில் ஒரு காலத்தில் அந்திப் பொழுதின் சத்தமே அதுதான்: பே ஏகே பே, பே துணே சார்.

முழு எண்ணோடு அது நிற்காது. பாவ்கி என்றால் கால் வாய்ப்பாடு, நிம்கி அரை, பாஊண்கி முக்கால், சவாய்கி ஒன்றேகால், தீட்கி ஒன்றரை, அடீச்கி இரண்டரை. பதின்மூன்று கால் எவ்வளவு என்று கேட்டால், யோசிக்காமல் மூன்றேகால் என்பார்கள். நம் திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடியும் மாகாணி, அரைக்கால் என்று இதே வழியில் போனதுதான்.

காரணம் கடைத்தெரு. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா, எடைக்குச் சேர். எல்லாமே பாதியும் காலுமாக உடைகிற அளவுகள். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்து ரூபாய் நூறாக உடைந்தது. பின்னாலேயே கிலோவும் வர, பாவ்கிக்கு வேலை போயிற்று. மனப்பாடம் மட்டம் என்று தீர்ப்பு எழுதி யாரும் அதை ஒழிக்கவில்லை. மனப்பாடத்தைத் திட்டுவது இன்று நாகரிகமாகிவிட்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதே ஊரில் இன்றைய கணக்கு வாயிலிருந்து கைக்கு வந்திருக்கிறது. கான்பூர் ஐஐடியில் படித்து, புணே டெல்கோ தொழிற்சாலையில் வேலை பார்த்து, அதை உதறியவர் அரவிந்த் குப்தா. பழைய சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்து வடிவியல் சொல்லித்தந்தவர். 2003 முதல் 2014 வரை ஐயூகா வானியல் ஆய்வு நிறுவன வளாகத்துச் சிறுவர் அறிவியல் மையத்தில் இருந்தார், 2018இல் பத்மஸ்ரீ. அவர் பரப்பிய விளையாட்டுகளில் எனக்குப் பிடித்தது தென்னந்துடைப்ப வாய்ப்பாடு. மூன்று ஈர்க்குச்சியைப் படுக்கவைத்து, குறுக்கே நான்கை வைத்தால் வெட்டும் இடங்கள் பன்னிரண்டு. பத்துக் குச்சிக்குப் பதில் ஓர் அட்டைப் பட்டை. இப்போது 13ஐ 12ஆல் பெருக்கலாம்: பட்டையும் பட்டையும் சேருமிடம் நூறு, பட்டையும் குச்சியும் சேருமிடங்கள் முப்பதும் இருபதும், குச்சியும் குச்சியும் ஆறு. ஆக 156. தாளில் பெருக்கும்போது ஓர் இடம் தள்ளி எழுதுகிறோமே, ஏன் என்று தரையிலேயே தெரிந்துவிடும்.

இந்தக் குச்சி விளையாட்டில் கை பத்தை முதலில் எடுக்கிறது. மராத்தி வாயோ ஒன்றை முதலில் சொல்கிறது. 23 அங்கே தேவீஸ், மூன்று முன்னால், இருபது பின்னால். 2019இல் புணேயின் பால்பாரதி பாடநூல் நிறுவனம் இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'வீஸ் தீன்' என்றும் சொல்லலாம் என்றது. மாநிலமே கொதித்தது. பாடக்குழுத் தலைவராக இருந்த கணித அறிஞர் மங்களா நார்லீகர், தென்னிந்திய மொழிகளில் இப்படித்தானே சொல்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். இருபத்துமூன்று என்றே சொல்லி வளர்ந்த நமக்கு, இதில் இவ்வளவு சண்டையா என்று தோன்றும். ஆனால் பாட்டி சொல்லித்தந்த எண்ணை மாற்றச் சொன்னால் நாமும் சும்மா இருந்திருக்க மாட்டோம்.

பாடேவில் ஒரு சௌகரியம் இருந்தது. அடுப்படியில் இருந்தபடியே அம்மா காதைக் கொடுத்தால் போதும். தப்பாகச் சொன்னால் அங்கிருந்தே அதட்டல் வரும். குச்சி விளையாட்டுக்குப் பெரியவர் ஒருவர் தரையில் உட்கார வேண்டும். அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகும் புணேயின் ஹிஞ்சவாடி, வாகட் அடுக்ககங்களில் கிடைக்காதது அந்த அரைமணிதான். அந்த இடத்தை விலையுயர்ந்த கணக்குப் பெட்டிகளும் போன் செயலிகளும் பிடித்துக்கொள்கின்றன. ஒரு துடைப்பத்தில் இல்லாத கணக்கு அந்தப் பெட்டிகளிலும் இல்லை.

நேரமில்லாத வீட்டுக்கு நாள்காட்டிக் கணக்கு இருக்கிறது. சென்னைக் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் அதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். குப்தா தன் இணையதளத்தில் அதை இலவசமாக வைத்திருக்கிறார். மராத்தி வீட்டுச் சுவரில் காலநிர்ணய் நாள்காட்டி தொங்காமல் இருப்பது அபூர்வம். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். 8, 9, 10, 15, 16, 17, 22, 23, 24 என்று பிள்ளை கூட்டத் தொடங்கும்போதே, குக்கரைப் பார்த்தபடி நீங்கள் 144 என்று சொல்லிவிடலாம். நடுவில் உள்ள 16ஐ ஒன்பதால் பெருக்கியதுதான். எப்படி என்று பிள்ளை நச்சரிக்கும். உடனே சொல்லிவிடாதீர்கள், இன்னும் பதினொரு தாள் இருக்கிறது.