சின்ன ஸ்பீக்கருக்கு சப்வூஃபர் சேர்த்து விற்கும்போது

சென்ற தீபாவளி முடிந்த கையோடு, நெல்லைப் பக்கத்துச் சில்லறைக் கடையிலிருந்து நான்கு ஜோடி சிறிய மானிட்டர் ஸ்பீக்கர்கள் எங்கள் குடோனுக்குத் திரும்பி வந்தன. நான்கிலும் வாய்ஸ் காயில் கருகியிருந்தது. “சரக்கு சரியில்லை அண்ணாச்சி, மாற்றித் தாருங்கள்” என்றார் கடைக்காரர். கம்பெனியோ, அளவுக்கு மீறி ஓட்டியதால் எரிந்தது, வாரண்டி கிடையாது என்று கைவிரித்துவிட்டது. விசாரித்தபோது நான்கு வீட்டிலும் ஒரே கதைதான்: பேஸ் போதவில்லை என்று ஈக்குவலைசரின் கடைசிக் குமிழை மேலே முட்டும்வரை ஏற்றியிருக்கிறார்கள். நஷ்டத்தில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு என்று பேசி முடித்தோம். விற்கும்போதே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

சின்னப் பெட்டியில் கீழ்ச்சுரம் குறைவாக இருப்பது குறை அல்ல. பி.பி.சி. நிறுவனம் 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக எல்.எஸ்.3/5ஏ என்ற ஸ்பீக்கரை உருவாக்கியது. உயரம் ஒரு அடிதான். பேச்சுக்குரல் அதில் தெளிவாகக் கேட்கும் என்று இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் டபுள் பேஸ் வாத்தியத்தின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். அதை அந்தப் பெட்டியிடம் முழுதாக எதிர்பார்க்க முடியாது. அதிர்வெண் பாதியாகும்போது அதே சத்தம் வேண்டுமென்றால், ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். ஐந்து அங்குலக் கூம்பு எவ்வளவு தூரம்தான் போகும்?

ஈக்குவலைசரில் 10 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் பத்து மடங்கு பவர் போகிறது. 5 வாட் போன இடத்தில் 50 வாட். காயில் கருகாமல் என்ன செய்யும்? ஆகவே இல்லாத பேஸை ஈக்குவலைசரால் வரவழைக்க முடியாது. அதற்குத்தான் சப்வூஃபர்.

சப்வூஃபர் விற்கும் கடைகளிலும் பாதி வேலைதான் நடக்கிறது. சப்வூஃபரை இணைத்துவிட்டு, சின்ன ஸ்பீக்கருக்கும் முழு ஒலியையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது சப்வூஃபருக்கும், மேலே உள்ளது சின்ன ஸ்பீக்கருக்கும் என்று பிரித்துக் கொடுத்தால்தான் சின்னதன் பாரம் இறங்கும். பாட்டும் கலங்காமல் கேட்கும். சப்வூஃபரின் பின்னால் ‘அவுட்’ துளை இருப்பது மட்டும் போதாது. அதில் பேஸ் கழிக்கப்பட்டு வருகிறதா என்று விளக்கப் புத்தகத்தைப் பாருங்கள். சிலவற்றில் உள்ளே போனது அப்படியே வெளியே வரும். பிரிக்கும் புள்ளியை 150க்கு ஏற்றி வைப்பவர்களும் உண்டு. அப்போது ஆண்குரலில் ஒரு பகுதி மூலையிலிருந்து வரும். பாடுகிறவர் சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்தது போலிருக்கும்.

அடுத்தது அறை. 12 அடி நீள அறையில் ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ் தனியே எழும்பிக் ‘கும்’ என்று நிற்கும். வாடிக்கையாளர் அதையும் ஸ்பீக்கரின் கோளாறு என்றே சொல்வார். இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி அவர் உட்காரும் நாற்காலியில் வையுங்கள். பேஸ் உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவர் ஓரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எங்கே ஒலி சீராக இருக்கிறதோ அங்கே சப்வூஃபரை வைக்கலாம். வீட்டுக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். பிறகு ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்து, 80 ஹெர்ட்ஸ் பக்கம் நிறைவாகக் கேட்கும் பக்கத்தில் விடுங்கள்.

ஈக்குவலைசருக்கு வேலை இதற்குப் பிறகுதான். எழும்பி நிற்பதைக் குறைக்க வேண்டும். பள்ளமாக இருப்பதை ஏற்றி நிரப்பப் பார்க்கக் கூடாது. நேராக வரும் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அழிப்பதால் வருவது அந்தப் பள்ளம். ஏற்றினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், பள்ளம் அப்படியே இருக்கும், ஆம்ப் மட்டும் சூடாகும். பத்துக் குமிழ் ஈக்குவலைசரில் 31, 62 என்று இடம்விட்டு இருப்பதால், நடுவில் உள்ள 47ஐ மட்டும் தொட முடியாது. அதிர்வெண்ணையும் அகலத்தையும் நாமே வைக்கக்கூடிய பாராமெட்ரிக் வகைதான் இதற்குத் தோது. விலை சற்றுக் கூடினாலும் அதைக் காட்டி விற்பதே நல்லது.

கடையில் டெமோ போடும்போது சப்வூஃபரை அதிரவிட வேண்டாம். கல்யாண மண்டபத்துக்கு அது சரி. வீட்டில், நிறுத்தினால் ஏதோ குறைகிறது என்று தோன்ற வேண்டும். ஓடும்போது தனியாக ஒன்று ஓடுவதே தெரியக் கூடாது.

இன்னொரு புகார், சப்வூஃபர் ‘ம்ம்’ என்று முனகுவது. ஆம்ப், சப்வூஃபர் இரண்டின் பிளக்கையும் ஒரே போர்டில் செருகினால் பெரும்பாலும் நின்றுவிடும். எர்த் பின்னைக் கழற்றி முனகலை நிறுத்தும் கைவேலை சிலரிடம் இருக்கிறது. உங்கள் பையன்கள் யாரும் அதைச் செய்ய விடாதீர்கள். ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.