ஜேசன் காம்ப்சனின் பேரேடு

டீயை மெதுவாகக் குடியுங்கள். இந்த ஆளைப் பற்றி அவசரமாகப் பேச முடியாது. வில்லியம் ஃபாக்னர் 1929இல் வெளியிட்ட ‘தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி’ நாவலில் வரும் ஜேசன் காம்ப்சனைச் சொல்கிறேன். மிசிசிப்பியில், ஃபாக்னர் கற்பனையில் எழுப்பிய ஜெஃபர்சன் என்ற ஊரில், நொடித்துப்போன ஒரு பெரிய வீட்டின் தலைவன். அப்பா இல்லை, அண்ணன் இல்லை, அம்மா எப்போதும் படுக்கையில். அதனால் வீடு இவன் கைக்கு வந்துவிட்டது.

நாவலின் முதல் பகுதியைச் சொல்பவன் மனவளர்ச்சி குன்றிய தம்பி பென்ஜி. இரண்டாவதைச் சொல்பவன், தற்கொலை செய்துகொள்ளும் நாளில் இருக்கிற அண்ணன் குவென்டின். இரண்டிலும் காலம் முன்னும் பின்னுமாகப் புரளும்; வாசிப்பவர் திணறிப்போவார். மூன்றாவதாக, 1928 ஏப்ரல் 6, பெரிய வெள்ளிக்கிழமை அன்று, ஜேசன் வாய் திறக்கிறான். அப்பாடா என்றிருக்கும். பணம், வேலை, கடை, நேரம் என்று எல்லாம் தெளிவாகப் பேசுகிறான். நல்லறிவுள்ள ஒருவர் கிடைத்துவிட்டார் என்று நம்பி, சில பக்கங்களுக்கு நாம் அவன் பக்கமே நின்றுவிடுகிறோம். ஃபாக்னர் நமக்கு வைத்த கண்ணி அதுதான்.

அவன் மனக்குறை முழுப் பொய்யும் அல்ல. அண்ணனை ஹார்வர்டுக்கு அனுப்ப வீட்டு நிலத்தை விற்றார்கள். இவனுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அக்கா கேடியின் கணவன் வங்கியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தான். அந்தக் கல்யாணம் முறிந்தது, வேலையும் போயிற்று. இப்போது இரும்புச் சாமான் கடையில் எடுபிடி. அன்று முதல் ஜேசன் மனத்தில் ஒரு பேரேடு திறந்திருக்கிறது. உலகம் தனக்குக் கடன்பட்டிருக்கிறது, எப்படி வசூலித்தாலும் அது திருட்டாகாது என்பது அவன் கணக்கு.

எப்படி வசூலிக்கிறான் என்று பாருங்கள். இந்த வீட்டில் வளரும் தன் மகளுக்காகக் கேடி மாதாமாதம் காசோலை அனுப்புகிறாள். அந்தப் பணம் வேண்டாம் என்று அம்மா அதை எரித்துவிடுகிறாள். எரிவது ஜேசன் தயாரித்த போலி. அசல் அவன் பைக்குப் போகிறது. அந்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அவளை ஒரு நிமிடம் பார்க்க கேடி நூறு டாலர் தந்தாள். ஓடும் வண்டியின் ஜன்னலில் குழந்தையைத் தூக்கிக் காட்டிவிட்டு அப்படியே போய்விட்டான் ஜேசன். என்னை மிகவும் உறுத்துவது இதைவிடச் சிறிய செயல். ஊருக்கு வந்திருக்கும் ஷோவுக்கு அவனிடம் இரண்டு இலவச டிக்கெட்டுகள் இருக்கின்றன. கறுப்பினச் சிறுவன் லஸ்டர் போக ஏங்குகிறான். ஐந்து சென்ட் கொடு என்கிறான் ஜேசன். பையனிடம் இல்லை. ஒவ்வொரு டிக்கெட்டாக அடுப்பில் போடுகிறான். ஒரு காசு லாபமில்லை. அடுத்தவனுக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவனுடைய வெறுப்பையும் இந்தப் பேரேட்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பருத்திச் சந்தையில் தந்தி வழியாகச் சூதாடித் தோற்றால் நியூயார்க் யூதர்கள் காரணம். தனக்குச் சமைத்துப்போடும் கறுப்பர்களோ தன் சோற்றைத் தின்பவர்கள். பெண்கள் எல்லாரும் கெட்டவர்கள். அடிமை முறை ஒழிந்த பின்னும் அமெரிக்காவின் தெற்கில் தலைமுறைகளாக ஊறியிருந்த வெறுப்பு இது. ஜேசன் கையில் அது தன் நஷ்டத்தை எழுத அடுத்தவர் பெயரைத் தேடும் பழக்கமாகிவிட்டது. அந்த வீட்டில் முகத்துக்கு நேரே அவனைக் கண்டிப்பவள் சமையற்காரி டில்சி மட்டும்.

கேடியின் மகள் அவன் பெட்டியை உடைத்துப் பணத்தோடு ஓடிவிட்டது ஈஸ்டர் காலையில் தெரியவருகிறது. மூவாயிரம் டாலர் போயிற்று என்று ஷெரிஃபிடம் முறையிடுகிறான். ஃபாக்னர் பின்னாளில் எழுதிய பிற்சேர்க்கையின்படி போனது ஏறக்குறைய ஏழாயிரம். அதில் பெரும்பகுதி அந்தப் பெண்ணுக்கே உரியது. உண்மைத் தொகையைச் சொன்னால் தன் திருட்டு வெளிப்பட்டுவிடும். யார் பணம் என்று சந்தேகப்படும் ஷெரிஃப் உதவ மறுக்கிறார். ஜேசன் தனியே காரில் துரத்திப் போகிறான். பெட்ரோல் வாடையில் தலைவலி மண்டையைப் பிளக்க, ஓட்ட முடியாமல் பக்கத்து ஊரில் உட்கார்ந்துவிடுகிறான். ஊர் திரும்ப ஒரு கறுப்பின இளைஞனிடம் பேரம் பேச வேண்டியிருக்கிறது. இவன் இரண்டு டாலர் என்கிறான். நாலுக்குக் குறைந்து வரமாட்டேன் என்கிறான் அவன். ஜேசன் நாலுக்கு ஒப்புக்கொள்கிறான்.