நாலு டாலர் தீவு

சிங்கப்பூரில் கல்லூரிப் பருவத்தின் நடுவே ஒரு வாரம் விடுமுறை வரும். ரிசஸ் வீக். அது நெருங்கினாலே இன்ஸ்டாகிராம் முழுக்க நீலக் கடல்தான். பாலி, புக்கெட், தியோமான்! எங்களுக்கும் தீவு வேண்டும், வேண்டவே வேண்டும்! ஆனால் எங்கள் கூட்டம் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூர், பாகலூர், பர்கூர், சூளகிரிக் கூட்டம். ஒருத்தியின் அப்பா சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர். ஒருவன் வீட்டில் ரோஜாப் பசுமைக்குடில். இன்னொருவனுக்கு மாங்கூழ் ஆலைக்குப் பெங்களூரா காய் அனுப்பும் தோப்பு. எல்லார் தலையிலும் கல்விக் கடன். சிங்கப்பூர் டாலர் அறுபது ரூபாயைத் தாண்டிய நாளிலிருந்து, குழுவில் எந்தத் தீவின் படம் விழுந்தாலும் அடுத்த நொடியே அதற்கு ரூபாய் விலை வந்து விழும்.

வாட்ஸப் குழுவின் பெயர் ‘அத்திப்பள்ளி டோல்கேட்’. காசு வைக்காமல் யாரும் தாண்ட முடியாது!

அந்த டோல்கேட்டில் சிக்கிச் செத்த தீவுகள் பல. இந்தோனேசியாவின் பாத்தாம் ஃபெர்ரியில் ஒரு மணி நேரம்தான், ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசாக் கட்டணம் தனி. தியோமானுக்கு மெர்சிங் வரை பஸ், பிறகு படகு, பிறகு அறை வாடகை. ராத்திரி ஒன்றரை மணிக்கு ஓசூர்க்காரி ஒரே வரி தட்டினாள்: ‘புலாவ் உபின். சிங்கப்பூருக்குள்ளயே இருக்கு. படகு நாலு டாலர்.’ அதற்கு விழுந்த இதயங்களை எண்ண முடியாது!

தூக்கம் யாருக்கு வரும்? ஹாஸ்டல் சமையல்கட்டில் குட்டி ரைஸ் குக்கர் மூன்று நடை ஓடியது. பாகலூர்க்காரனின் அம்மா கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல், மேலே வறுத்த வேர்க்கடலை. பாதி வேலை தமிழிலும் பாதி தெலுங்கிலும் நடந்தது, திட்டு மட்டும் கன்னடத்தில். எல்லைக்காரர்கள் ஒன்றுகூடினால் அப்படித்தான்.

தானா மேராவில் ரயில் இறங்கி, 2-ஆம் நம்பர் பஸ்ஸில் சாங்கி கிராமம். அங்கே படகுத்துறை. கால அட்டவணை கிடையாது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருப்போமே, அதே கதைதான்: பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். ஒரு மலாய்க் குடும்பம் வந்தது, தூண்டில் தாத்தாக்கள் வந்தார்கள், இன்னும் ஒருவர் குறைகிறார், குறைகிறார்... ஓடி வந்தார் ஒரு சைக்கிள்காரர்! கைதட்டியே ஏற்றினோம். கையில் ரொக்கம் இருக்கட்டும், அதுதான் முக்கியம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கரை.

இறங்கியதும் சைக்கிள் கடைகள். பிரேக்கைப் பிடித்துப் பார்த்து எடுங்கள், ஏற்ற இறக்கம் நிறைய. சிங்கப்பூரின் மின்கம்பி இந்தத் தீவுக்கு வரவில்லை. ஜெனரேட்டரும் சூரியத் தகடுகளும்தான் வெளிச்சம் தருகின்றன, தண்ணீர் கிணற்றில். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த இடம், இப்போது சில டஜன் பேர். அன்று பலர் வாழ்ந்தது கல்லை நம்பித்தான்.

ஆமாம், கல்! புவாக்கா குன்றின் மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி எட்டிப் பார்த்தால், கீழே செங்குத்தான கருங்கல் சுவர், நடுவில் பச்சை நீர். பர்கூர்க்காரி கத்தியே விட்டாள்: “டேய், இது நம்ம ஊர்க் குவாரிடா!” அவள் மாமா கிரானைட் பாலிஷ் போடும் யூனிட்டில் வேலை பார்ப்பவர். உலகம் பாரடைசோ என்று விலை பேசும் கல் கிருஷ்ணகிரிக் கல்லாயிற்றே! உடனே அவருக்கு வீடியோ கால். அந்தப் பக்கம் மெஷின் இரைச்சல். போனைச் சுவர் பக்கம் திருப்பினாள். “நல்ல பாறை பாப்பா, பிளவு கம்மி” என்றார் மாமா, கடல் தாண்டி இருந்துகொண்டே.

அவர் சொன்னது பொய்யில்லை. 1851-இல் விளக்கேற்றிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் இந்தத் தீவின் கல்லால் கட்டியது. 1924-இல் திறந்த ஜோகூர் கடற்பாலத்திலும் உபின் கல் இருக்கிறது. கடைசிக் குவாரி 1999-இல் மூடியது. அதன் பிறகு குழிகளில் மழைநீர் தேங்க, விளிம்பில் வேலி போட்டு, பார்க்க ஒரு மேடையும் கட்டி, மற்றதை மரங்களிடம் விட்டுவிட்டார்கள். தண்ணீர் ஓரம் நாரைகள், தலைக்கு மேல் இருவாச்சிகள்! நம் ஊரில் கைவிட்ட குவாரி என்றால் ‘அந்தப் பக்கம் போகாதே’ என்று அம்மா மிரட்டும் இடம். அங்கே மூழ்கிய பிள்ளைகளின் செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. ஒரு வேலி, ஒரு பலகை, நாலு வரிசை மரம். கிருஷ்ணகிரியில் இதைச் செய்ய என்ன தடை? மனதார, கோபமாகவே கேட்கிறேன்.

இன்னொரு இடத்தை விடவே கூடாது: ஜெர்மன் பெண் கோயில். முதல் உலகப் போர் மூண்டபோது தப்பி ஓடி, குவாரியில் விழுந்து இறந்த ஒரு ஜெர்மன் சிறுமி என்று கதை. சின்ன மஞ்சள் கொட்டகை, உள்ளே பார்பி பொம்மை, எதிரே சென்ட், நகப்பூச்சு, கண்ணாடி. சூளகிரிக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டான். அகாலத்தில் போன பெண்ணைத் தெய்வமாக்கி, அவளுக்குப் பிடித்ததைப் படைக்கிற கன்னி வழிபாடு நம் ஊரில் எத்தனை வீடுகளில் இருக்கிறது! எங்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

புளிசோறு மூட்டையைப் பிரித்ததும் காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு வந்து நின்றது. சானமாவுக் காட்டு யானை ராகிக் கொல்லையில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த ஆட்கள் பதறுவோமா? மூட்டையைத் தூக்கிக்கொண்டு மெல்லப் பின்வாங்கினோம். ஒரு பருக்கைகூடப் போகவில்லை!

பிறகு செக் ஜாவா. 2001-இல் இந்தக் கரையை மண் கொட்டித் தூர்க்க இருந்தார்கள். இயற்கை ஆர்வலர்களும் தன்னார்வலர்களும் சேற்றில் இறங்கி இருப்பதையெல்லாம் பதிவு செய்து காட்ட, அந்த ஆண்டு டிசம்பரில் அரசு திட்டத்தை ஒத்திவைத்தது. கடல் வற்றும் நேரம் பார்த்துப் போனால்தான் பலன். நாங்கள் முந்தைய நாளே நேரம் பார்த்து வைத்திருந்தோம். மரப்பாதைக்குக் கீழே ஒற்றைக் கொடுக்கை ஆட்டும் நண்டுகள், கூட்டம் கூட்டமாக!

படகு, சைக்கிள், பஸ், இளநீர் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு இருபத்தைந்து டாலருக்குள் முடிந்தது. திரும்பும் படகிலேயே டோல்கேட்டில் அடுத்த வாக்கெடுப்பு: செயின்ட் ஜான்ஸும் அதோடு ஒட்டிய லாசரஸும். மரீனா சவுத் பியரிலிருந்து ஃபெர்ரி. ராகி களி தன் பொறுப்பு என்று சூளகிரிக்காரன் எழுதிவிட்டான். கருவாட்டுக் குழம்பை ஹாஸ்டலில் எப்படி வாசனை வெளியே போகாமல் வைப்பது என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை.