ஐதரசனைச் சுமக்கும் உலோகம்

யாழ்ப்பாணத்திலிருந்து முல்லைத்தீவுக் கரையோரமாகத் தெற்கே சென்று, கொக்கிளாய்க் களப்புக்கு அப்பாலுள்ள புல்மோட்டையை அடைபவர், கடற்கரை மணல் கறுத்துக் கிடப்பதைக் காண்பார். இல்மனைற்று முதலிய கருங்கனிமங்களோடு அதிற் கலந்திருக்கும் சிர்க்கன் என்னும் நுண்மணியே சிர்க்கோனிய உலோகத்தின் பிறப்பிடம். எதிர்க்கரையிலே, தாமிரபரணி கடலோடு கலக்கும் பழையகாயலில், இவ்வகை மணலிலிருந்து அணுவுலைக்கேற்ற சிர்க்கோனியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை 2009ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது.

நியூத்திரன்களை விழுங்காத குணத்தால் அணுவுலைக் குழாய்களுக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்ட இவ்வுலோகம், ஐதரசனைக் கண்டால் உறிஞ்சிக்கொள்ளும் சுபாவமுடையது. உலைநீர் அதை அரிக்கையில் வெளிப்படும் ஐதரசன், குழாய்ச்சுவரினுள் ஐதரைட்டுத் தகடுகளாகப் படிந்து அதை நொறுங்குந் தன்மையதாக்கும். 1983 ஆகஸ்டில் கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் அழுத்தக்குழாயொன்று ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளத்துக்குப் பிளந்தது இவ்வாறே.

அங்ஙனம் அஞ்சப்படும் அதே சேர்வையை, வேண்டுமென்றே ஆக்கி உலையின் இருதயத்தில் வைத்தவர்களின் யோசனையை நான் பெரிதும் வியக்கிறேன். அணுக்கருப் பிளவிலே பிறக்கும் நியூத்திரனின் பெருவேகம் தணிந்தாலன்றிச் சங்கிலித்தாக்கம் எளிதில் நடைபெறாது. ஒரு போளை தன்னொத்த போளையை நேரே மோதினால் அடித்தது அங்கேயே நின்றுவிடுவதைப் பிள்ளைகளும் அறிவர். நியூத்திரனுக்கு நிறையில் நிகரானது ஐதரசனின் கருவே. நீரிலும் ஐதரசன் உண்டெனினும், நீர் கொதித்து ஆவியாகும். ஐதரைட்டோ ஏறக்குறைய அதே அளவு ஐதரசனை, நூற்றுக்கணக்கான பாகை உஷ்ணத்திலும், திண்மமாகவே தாங்கி நிற்கும். அதை ஆக்குவது பொறுமை வேண்டிய தொழில். சூடேறிய உலோகம் தூய ஐதரசனை உறிஞ்சுகையில் கனவளவில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு பருக்குமாதலால், வாயுவை அவசரமாகச் செலுத்தினாலும், முடிவில் விரைந்து ஆறவிட்டாலும், கட்டி முழுவதும் வெடித்துத் துண்டாகிவிடும்.

1956இல் பௌதிகவியலாளர் எட்வர்ட் டெல்லர் முதலியோர் கூடி யோசித்து, 1958இல் சான்டியேகோவில் இயங்கத் தொடங்கிய ட்ரைகா என்னும் ஆராய்ச்சி உலையில், யுரேனியமும் இவ்வைதரைட்டும் ஒன்றாய்க் கலந்த எரிபொருளே இடப்பட்டது. சக்தி திடீரென எழுந்தால், எரிபொருள் சூடேறிய அக்கணமே அதனுள் அதிரும் ஐதரசன் அணுக்கள் நியூத்திரன்களைத் தணிப்பதை விட்டு உந்தி விரைவுபடுத்தத் தொடங்குவதால், மனிதர் கையோ கட்டுப்பாட்டுக் கோலோ அசையுமுன்னரே பிளவு தானாக அடங்கிவிடும். டாக்காவுக்கு அருகே சாவாரில் 1986 முதல் இத்தகைய உலை ஒன்று உண்டு. 1965 ஏப்ரல் 3இல் அமெரிக்கர் விண்ணுக்கு ஏவிய ஸ்னாப்-10ஏ உலையும் இவ்வெரிபொருளாலேயே 43 நாட்கள் இயங்கி, மின்கருவியொன்றின் பழுதால் நின்றது.

உஷ்ணம் மிக ஏறினால் சிர்க்கோனியம் தான் பற்றிய ஐதரசனைக் கைவிடத் தொடங்கும். யித்திரியம் அதனினும் உறுதியாகப் பற்றிக்கொள்ளுமாதலால், சிற்றுலைகளுக்கு வேண்டிய யித்திரிய ஐதரைட்டைப் பெருங்கட்டிகளாக விரிசலின்றி ஆக்குவதில் அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் ஆய்வுகூடத்தார் அண்மைக்காலத்தில் ஈடுபட்டிருக்கின்றனர்.