உறைபனியும் புல்வெளியும்

பொங்கலூர் வட்டாரத்து வாய்க்கால்களில் வரும் பரம்பிக்குளம்–ஆழியாறு நீர் ஆனைமலையில் பிறந்து, திருமூர்த்தி அணையைக் கடந்து வருவதாகும். மண்டல முறை எப்போது வரும் எனக் காத்திருக்கும் நாம், அந்நீர் பிறக்கும் உச்சியில் எது வளர்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

திபெத்தியப் பீடபூமியில் ஆண்டு முழுதும் உறைந்து கிடந்த மண் இன்று இளகி வருகிறது. உறைந்த அடுக்கு கீழிறங்க, அதன்மேல் நின்ற ஈரமும் இறங்கிவிடுகிறது. ஆழமற்ற வேருடைய கோரையினங்கள் நலிகின்றன. நம் தென்மலைகளில் அத்தகைய உறைமண் இல்லை. குளிர்கால இரவுகளில் பள்ளங்களில் படியும் உறைபனி மட்டுமே உண்டு. ஆயினும் நீலகிரி, ஆனைமலை உச்சிகளின் தாவர வாழ்வை வகுப்பதில் அந்தச் சில இரவுகளுக்குப் பெரும் பங்குண்டு.

புல்வெளியில் முளைக்கும் சோலை மர நாற்று உறைபனியில் கருகும். புல்லோ தரையோடு ஒட்டிய குருத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும். இப்புல்வெளிகள் மனிதன் காட்டை அழித்ததால் உண்டானவை என்று பலர் கருதியதுண்டு. நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்து ஆர். சுகுமாரும் உடனாய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட முடிவு வேறு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாகவே தட்பவெப்பத்திற்கேற்பப் புல்லும் மரமும் மாறி மாறி மேலோங்கியுள்ளன.

அர்ரஹ்மான் அத்தியாயம் பேசும் ‘மீஸான்’ எனும் சமநிலையை இங்கே கண்ணாரக் காண்கிறோம். அது குலைவதையும் காண்கிறோம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தின் நாற்றுகள் சோலை நாற்றுகளைவிட உறைபனியைத் தாங்குகின்றன என்பதையும், வெப்பம் கூடினால் அவை மேலும் பரவும் என்பதையும் 2020இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. 1972 முதல் 2017 வரையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்நிலைப் புல்வெளிகளில் சுமார் 40 சதவீதத்தை அயல் மரங்கள் கைப்பற்றிவிட்டன.

அவை தாமே வந்தவையல்ல. ஆங்கிலேய ஆட்சி புல்வெளியைப் பாழ்நிலமெனக் கருதிற்று. விடுதலைக்குப் பின்னரும் அப்பார்வை மாறவில்லை. தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையும், ரேயான் இழைக்காகத் தைல மரமும் நடப்பட்டன. தோலையும் துணியையும் விற்று வாழும் நம் சமுதாயம் இதை அயலார் குற்றமென்று ஒதுக்க இயலாது.

புல்வெளியைப் பாழ்நிலமாகக் காணாத மரபு நம்முடையது. மதீனாவை அடுத்த ‘நகீஃ’ புல்வெளியை நபி (ஸல்) அவர்கள் ‘ஹிமா’, அதாவது காக்கப்பட்ட மேய்ச்சல் நிலமாக அறிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் ரபதாவையும் அவ்வாறே ஆக்கினார்கள். அங்கே காக்கப்பட்டது மரமன்று, புல்!

உதகை அருகே கிளென்மார்கனில் புல்வெளியைத் தைல மரத் தோப்பாக்கி நீரை அளந்தனர். முதல் பத்தாண்டுகளில் ஓடைக்கு வந்த நீர் சுமார் 16 சதவீதம் குறைந்திருந்தது.